கிட்டவா, தூரமா

ப்ரே
தாய்லாந்து, புத்த ஆண்டு 2538 பிப்ரவரி 20

அன்புள்ள பிகுன்,

இங்கே நானும் உன் மோட்டார் சைக்கிளும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் என் அக்கா நூலாவின் இடுப்பெலும்பும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ விமானம் ஏறி ஒரு மாதம் ஆகிறது. இந்த ஊருக்கு இதைவிட நல்ல வேடிக்கை சமீபத்தில் கிடைக்கவில்லை. ஐரிஷ்காரன் ப்ரேயில் வெந்துகொண்டிருக்கிறான், ப்ரேக்காரி அயர்லாந்தில் நனைந்துகொண்டிருக்கிறாள், அதுவும் அவனுடைய அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்ததற்காக. நூடுல்ஸ் கடை சாலி அக்கா நேற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்:

“உங்க அக்காதானே தம்பி? நீங்க போயிருக்கலாமே.”

“எனக்குச் சமைக்கத் தெரியாதே அக்கா. அவங்க விடுதியில விருந்தாளிங்க இருப்பாங்களே.”

“ஓ, அதுக்குத்தான் அவ போனாளா. அப்ப இங்க உங்களுக்கு யாரு சமைக்கிறா?”

“நீங்கதான்.”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பரங்கிக்காரன் சிரிக்காவிட்டால் அவனுக்கு மொழி புரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள். புரிந்துதான் சிரித்தேன், பாதி.

கிளம்பும்போது நீ இட்ட கட்டளையை நிறைவேற்றத் தொடங்கிவிட்டேன். “பதினோரு வருஷமா இருக்கீங்க, வீட்டுலேருந்து சாலி கடைக்குப் போற ரோடு ஒண்ணுதான் தெரியும். போய் ஊரைப் பாருங்க, பாத்ததை எங்க எழுத்துலயே எழுதி அனுப்புங்க” என்றாயே. முதல் நாளே ஒரு சம்பவம். சாயங்காலம் வரை வண்டியை வெயிலில் விட்டிருந்தேன். டீக்கடை வாசலில் அதில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த வேகத்தில் விறைத்து எழுந்து நின்றேன். தினமும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் போடுகிற ஆறு மணி ஆகப்போகிற நேரம். தேசிய கீதம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கடையே எழுந்து நின்றது. யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

இன்னொன்று. என் தங்கும் அனுமதி மே பதினெட்டோடு முடிகிறது. பிகுனின் கணவன் என்ற ஒரே தகுதியில்தான் இந்த நாடு என்னை வைத்திருக்கிறது. நீ அலுவலகத்தில் நேரில் உட்கார்ந்து, ஆமாம், இவன் என்னுடையவன்தான் என்று கையெழுத்துப் போடவேண்டும். சொங்க்ரான் புத்தாண்டுக்கு முன்பே வந்துவிடுவதாக நீ சொல்லியிருப்பதால் எனக்குக் கவலையில்லை. கவலையில்லை என்று சொல்வதற்காகத்தான் இந்தப் பத்தியையே எழுதினேன்.

நூலாவுக்கு என் அன்பைச் சொல். திட்டுவாள், வாங்கிக்கொள்.

உன்
ஃபின்டன்


பாலிகொர்மன், அயர்லாந்து
2538 மார்ச் 4

அன்புள்ள பரங்கிக்கு,

நலம். நூலா அண்ணியும் நலம், வாயைப் பொறுத்தவரை மிகவும் நலம்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் பூட்டிக்கொண்டு படித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணி ஊன்றுகோலால் சுவரைத் தட்டி, “என்னடி, குழாய் உடைஞ்சிடுச்சா?” என்று கேட்டார். “உன் மோட்டார் சைக்கிள் நலம்” என்று எழுத நினைத்த இடத்தில் “உன் கழுதை நலம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது.

இங்கே குளிர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் விருந்தாளிகளுக்கு முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்துக் கொடுக்கிறேன். அவர்கள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறார்கள். உப்புக் குடுவையைத் தள்ளிவைத்தால்கூட நன்றி. முதல் வாரம் என்னைக் கேலி செய்கிறார்களோ என்று நினைத்தேன்.

மாமரம் பூத்ததா? கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? அம்மாவைப் போய்ப் பார்த்தீர்களா? ரோங்க்வாங் சாலையில் அந்தப் பெரிய வளைவில் மெதுவாகப் போங்கள், அங்கே மரம் ஏற்றிய லாரிகள் வரும். தலைக்கவசம் போடாமல் போனால் எனக்குத் தெரிந்துவிடும், சாலி அக்கா எழுதுவாள். மின்விசிறியை மூஞ்சிக்கு நேராக வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

சொங்க்ரானுக்குள் வந்துவிடுவேன்.

பிகுன்


ப்ரே
2538 மார்ச் 18

அன்புள்ள பிகுன்,

கழுதை நலம். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கழுதையும் நலம். நீயும் நலமாக இரு.

மாமரம் பூத்துக் கொட்டிவிட்டது, பிஞ்சு பிடித்திருக்கிறது. கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவு, என் முழங்கால். உன் அம்மாவைப் பார்த்தேன். நான் ஏன் இளைத்துவிட்டேன் என்று கேட்டார், பிறகு ஏன் கறுத்துவிட்டேன் என்று கேட்டார், பிறகு நீ எப்போது வருகிறாய் என்று கேட்டார். மூன்றுக்கும் வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஒரு மாதிரி பார்த்தார்.

மலையெல்லாம் எரிகிறது. பகலிலேயே சூரியன் அழுக்குச் செம்பு மாதிரி தொங்குகிறது. புகைக்குள் வண்டி ஓட்டினால் கண்ணில் வருகிற தண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. ஐஸ் காப்பியை பிளாஸ்டிக் பையில் வாங்கி வண்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாலாவது மைலில் அது வெறும் காப்பி.

போனது அருவி பார்க்க. மார்ச் மாதத்தில் அருவி பார்க்கப் போகிறவன் எப்படிப்பட்டவன் என்பதை வழியெல்லாம் எல்லோர் முகத்திலும் படித்தேன். ஒரு கிராமத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அம்மாளிடம், அருவி கிட்டவா தூரமா என்று கேட்டேன். அதாவது, அப்படிக் கேட்டதாக நினைத்தேன். உங்கள் மொழியைச் செய்தவன் என்ன மனநிலையில் செய்தானோ, கிட்ட என்றாலும் ‘க்லை’, தூரம் என்றாலும் ‘க்லை’. ஒன்றில் குரல் கீழே விழவேண்டும், இன்னொன்றில் விழாமல் நிற்கவேண்டும்.

“க்லையா, க்லையா?” என்றேன்.

அந்த அம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டு, “என்னய்யா, ரெண்டு தடவையும் ஒரே கேள்வியக் கேக்கறே?” என்றாள்.

“இல்லம்மா, க்லையா இல்ல க்லையா?”

“க்லை” என்றாள்.

கிட்டதான் என்று எடுத்துக்கொண்டேன். மனிதன் நல்லதைத்தானே எடுத்துக்கொள்வான். மலை மேல் பாதியில் பெட்ரோல் தீர்ந்துபோய், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாறை இருந்தது. அதன் மேல் ஈரமாக இருந்தது நான் மட்டும்தான்.

திரும்பி வரும் வழியில் நினைத்தேன். நீ இருந்திருந்தால் நீ கேட்டிருப்பாய், நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்திருப்பேன். நாம் எங்கே போனாலும் அப்படித்தானே.

புத்தாண்டுக்கு டென்சாய் ரயில் நிலையத்துக்கு வந்து நிற்பேன். எந்த ரயில் என்று மட்டும் எழுது.

உன்
ஃபின்டன்


பாலிகொர்மன்
1995 ஏப்ரல் 2

அன்புள்ள பரங்கிக்கு,

அனைவரும் நலம்.

புத்தாண்டுக்கு வர முடியாது. அண்ணியின் கால் இன்னும் தேறவில்லை. மே மாதம் பார்க்கலாம்.

பானைக்குக்கூட உங்களைவிட நல்ல காது உண்டு. பேச்சில்தான் குழப்பம் என்றால் எழுத்தையாவது பாருங்கள், எழுத்தில் இரண்டும் வேறு வேறு.

போன வாரம் அண்ணிக்கு மிளகாய் வதக்கி ஒரு குழம்பு வைத்தேன். மாடியிலிருந்த ஜெர்மன் தம்பதி இருமிக்கொண்டே தீப்பிடித்ததாக நினைத்து வெளியே ஓடிவிட்டார்கள். தபால்காரர் வாசலில் நின்று மோப்பம் பிடித்து, “இதுல கொஞ்சம் எனக்கும் குடு, தாயே” என்றார். மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள். அண்ணி வாசலில் பலகை மாட்டியிருக்கிறார். என் பெயரைச் சாயம் பூசி எழுதியிருக்கிறார்கள், ஒரு எழுத்துத் தப்பு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மாங்காய் காய்த்ததா?

பிகுன்


ப்ரே
2538 ஏப்ரல் 17

அன்புள்ள பிகுன்,

நான் சுகம். ஈரமாக இருக்கிறேன், ஆனால் சுகம். உன் சுகத்துக்கும் நூலாவின் சுகத்துக்கும் புத்தாண்டில் கோவிலில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

உன் கடிதத்தில் 1995 என்று போட்டிருந்தாய். இங்கே நாங்கள் 2538இல் கிடக்கிறோம். ஒரே கடிதத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் வருடம் இளமையாகிவிட்டாய். நல்ல ஊர்தான்.

சொங்க்ரான் அன்று வண்டியில் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் தலையில் ஏழெட்டு வாளித் தண்ணீர். மருந்துக்கடைப் பெண்கள் ஐஸ் போட்ட தண்ணீராகப் பிடித்து வைத்திருந்தார்கள். “பரங்கி வராரு, பரங்கி வராரு, விடாதீங்கடி!” என்று ஒருத்தி கத்தினாள். நாற்பது டிகிரி வெயிலில் சட்டைக்குள் ஐஸ்கட்டி இறங்கினால் ஒருவன் என்ன மொழியில் அலறுவான் என்று கேட்டால், ஐரிஷில். பள்ளிக்கூடத்தில் பிரம்பால் அடித்தும் வராத மொழி அது.

உன் அம்மாவின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்கப் போனேன். வரிசையில் ஒவ்வொருவரும் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டேன். உன் அம்மா அதையும் ஆசீர்வதித்தார்.

மாங்காய் காய்த்துவிட்டது. கிளை தாழ்ந்து தகரக் கூரையை உரசுகிறது. தின்ன ஆளில்லை, சாலி அக்காவுக்கு ஒரு கூடை கொடுத்தேன்.

ஒன்று தோன்றியது. சும்மா தோன்றியதுதான். நூலாவுக்கு இன்னும் உன் துணை வேண்டும் என்றால், நான் அங்கே வந்துவிடட்டுமா? என் பத்திரிகைக்கு நான் எழுதும் கேலிக் கட்டுரையை எங்கிருந்தும் எழுதலாம். பாத்திரம் கழுவுவேன். ஜெர்மன்காரர்கள் ஓடினால் துரத்திப் பிடித்து வருவேன். வா என்று ஒரு வரி எழுது, போதும். எழுதாவிட்டாலும் மே பதினெட்டுக்கு நீ இங்கே இருப்பாயே, அதுவும் போதும்.

உன்
ஃபின்டன்


பாலிகொர்மன்
1995 ஏப்ரல் 30

அன்புள்ள பரங்கிக்கு,

நலம். மழை விட்டிருக்கிறது.

அண்ணியின் காரை ஓட்டக் கற்றுக்கொண்டேன். சந்தைக்கு நானே போய் வருகிறேன்.

அதிகம் எழுத நேரமில்லை. திரும்பும் நாள் க்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிகுன்


ப்ரே
2538 மே 11

என் அன்புள்ள பிகுன்,

சுகத்துக்கு என்ன குறைச்சல். உன் கடிதம் வந்த நிமிடத்திலிருந்து காய்ச்சல்காரன் மாதிரி அலைகிறேன்.

திரும்பும் நாள் கிட்ட! நீ கார் ஓட்டுவதைப் பற்றி எழுதிவிட்டு, போகிற போக்கில் கடைசியில் இதைச் சொல்கிறாயே. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் எனக்கு அந்த வரி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. சேர்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் லோங் ஊர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். தார் உருகிச் சக்கரத்தில் ஒட்டியது. வழியெல்லாம் பாடினேன். ஒரு எருமை மிரண்டது.

வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன், நீ பார்க்கிற பக்கம் மட்டும். உனக்குப் புதுத் தலைக்கவசம் வாங்கினேன், சிவப்பு. கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டவர்களுக்குச் சாலி அக்கா சொல்லிவிட்டாள். பதினெட்டாம் தேதி குடியேற்ற அலுவலகத்தில் நேரம் குறித்திருக்கிறேன். அங்கே இருக்கும் அதிகாரி நல்ல மனிதர். “மனைவி கண்டிப்பா வருவாங்களா சார்?” என்றார். “ரயில்ல இருக்காங்க” என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

எந்த ரயில் என்று நீ எழுதவில்லை. பரவாயில்லை. பாங்காக்கிலிருந்து வருகிற எல்லா வண்டிக்கும் போய் நிற்கிறேன். டென்சாய் நிலைய அதிகாரி எனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்துவிட்டார்.

உன்
ஃபின்டன்


ப்ரே
2538 மே 19

அன்புள்ள பிகுன்,

நலம். நீ நலமா?

நேற்று முன்தினம் கடைசி ரயிலும் போனபிறகு சாலி அக்கா கடைக்குப் போனேன். “அந்தக் கடுதாசியக் காட்டுங்க தம்பி” என்றாள். பெருமையாகக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். அடுப்பை அணைத்தாள்.

“இதுல க்லைன்னு எழுதியிருக்கா தம்பி.”

“ஆமா, க்லைதான்.”

“க்லை இல்ல. க்லை.”

“அதைத்தானே அக்கா நானும் சொல்றேன்.”

அவள் மாவு சிந்திய மேசைமேல் விரலால் எழுதிக் காட்டினாள். “பாருங்க. கிட்டன்னா இந்த எழுத்தோட தலையில சுருள் இருக்கும், உள்பக்கமா சுருட்டி. இது பாருங்க, சுருள் கெடையாது. தூரம். இன்னும் தூரம் இருக்குன்னு எழுதியிருக்கா.”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். சுருள் இல்லைதான். முதல் தடவை படித்தபோது சத்தியமாக இருந்தது.

சாலி அக்கா எனக்கு அன்றைக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டாள். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் என்னைக் கிண்டல் செய்யாத முதல் நாள்.

பதினெட்டாம் தேதி அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். அதிகாரி என் பின்னால் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ரயில் லேட்டா சார்?” என்றார். ஆமாம் என்றேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே. மூட்டை கட்ட இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

வீடு உன் பெயரில். வண்டி உன் பெயரில். நானும் உன் பெயரில்தான் இருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

எவ்வளவு தூரம் என்று மட்டும் எழுதுவாயா?

ஃபின்டன்


பாலிகொர்மன்
1995 மே 22

தம்பி ஃபின்டன்,

நான் நன்றாக இருக்கிறேன். ஈஸ்டரிலிருந்தே நன்றாக இருக்கிறேன், படி ஏறி இறங்குகிறேன், போன ஞாயிறு பாதிரியார் வீட்டு விருந்தில் ஆடினேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று உனக்கே புரியும். நீ முட்டாள் இல்லை, புரியாத மாதிரி இருப்பது உனக்குச் சௌகரியம், அவ்வளவுதான்.

சிவப்புத் தலைக்கவசம் பற்றிய உன் கடிதம் இன்று காலை வந்தது. அவள் படித்துவிட்டு மடித்து சன்னல் கட்டையில் வைத்தாள், உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். ஒரு மூட்டை உரித்தாள். இன்று திங்கட்கிழமை, யாரும் சாப்பிட வருவதில்லை. அதன் பிறகுதான் கேட்டேன்.

“அவன் பாட்டுக்கு ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டிருக்கானே, அவன்கிட்ட சொல்லேன்டி.”

“எழுதிட்டேன் அண்ணி. தூரம்னு எழுதிட்டேன். அவருக்குத்தான் அது கிட்டன்னு படுது.”

“அப்ப இன்னொரு தடவை எழுது.”

“பதினோரு வருஷமா எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லிக்கிட்டிருக்கேன் அண்ணி. அவருக்கு ஒரு தடவை, ஊருக்கு ஒரு தடவை. டாக்டர்கிட்ட நான் பேசணும், மெக்கானிக்கிட்ட நான் பேசணும், அவரு ஜோக்கு சொன்னா அதையும் நான்தான் எடுத்துச் சொல்லணும், எல்லாரும் சிரிப்பாங்க, நான் சிரிக்க மறந்துடுவேன். இங்க வந்துதான் நான் எனக்காகப் பேசறேன். தப்புத் தப்பாப் பேசறேன். ஆனா எனக்காக.”

அவன் கெட்டவனா என்று கேட்டேன். “ரொம்ப நல்லவரு” என்று சொல்லிவிட்டு அழுதாள். கெட்டவன் என்று சொல்லியிருந்தால் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும்.

நீ இங்கே வருவதாக எழுதியிருந்தாயாம். நீ வந்தால் அவள் போய்விடுவாளாம். எங்கே என்றேன், தெரியாது, ஆனால் போய்விடுவேன் என்றாள். நீ என் கூடப் பிறந்தவன், உனக்கு இந்த வீட்டில் எப்போதும் ஒரு கட்டில் உண்டு. ஆனால் இப்போது வராதே. இதை எழுதும் கை என்னுடையதுதான், வேண்டுமானால் சபித்துக்கொள்.

வெயிலில் அலையாதே. நம் வீட்டு ஆண்களுக்கு அது ஆகாது.

நூலா


நொங்காய்
2538 ஜூன் 6

அன்புள்ள பிகுன்,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

நூலாவின் கடிதம் நான் கிளம்புகிற அன்று காலை வந்தது. அவள் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே அழகு.

நீ கட்டளையிட்டபடி ஊரைப் பார்த்துவிட்டேன், கடைசியில் நாட்டின் அந்தப் பக்கம் வரைக்கும். லோய் மலைப்பாதையில் முதல் மழை பிடித்துக்கொண்டது. தார்ச்சாலையிலிருந்து ஆவி எழுந்தது, முன்னால் போகிற லாரி தெரியவில்லை. ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கினேன். அங்கே ஒரு பெண் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏதோ கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். எனக்குப் புரியவில்லை. சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு மீனை இலையில் சுற்றிக் கொடுத்தாள். அவள் மீனைப் பற்றித்தான் கேட்டாளா என்று இன்னும் தெரியாது.

எல்லை ஆற்றுப் பாலம் தாண்டி லாவோஸில் சில நாள் உட்கார்ந்திருந்து, சுற்றுலாப் பயணி என்று முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டு மாதம் இருக்கலாம். பிறகு மறுபடியும் பாலம். என்னைப் போன்றவர்கள் இங்கே நிறையப் பேர் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். பாதிப் பேருக்குப் பல் இல்லை. எல்லோரும் நல்ல நகைச்சுவைக்காரர்கள்.

என் பழைய கடவுச்சீட்டு நிரம்பிப்போனதால் புதியது எடுத்திருந்தேன். பாலத்தின் இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன். சன்னலில் இருந்தவர் இளைஞர், இஸ்திரி கலையாத சட்டை. பெரும்பாலும் வெறுமையாக இருந்த பக்கங்களைப் புரட்டிவிட்டு, எனக்காக மெதுவாக, ஆங்கிலத்தில் பேசினார்.

“வாங்க சார், வாங்க. இதான் மொதத் தடவையா?”

பின்னால் வரிசை நீளமாக இருந்தது. “ஆமா” என்றேன்.

“இங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

“இல்ல.”

“பரவாயில்ல சார்” என்று முத்திரையைக் குத்தினார். “எங்க ஊரு சீக்கிரமே பழகிடும்.”

ஃபின்டன்